ஏமாத்துன அண்ணன் இப்ப படுத்த படுக்கையா இருக்கார், சத்துருவை நேசிக்கணும்னா கேஸை வாபஸ் வாங்கணுமா?

பேர் வேண்டாம், ஊர் வேண்டாம்னு சொல்லி ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. சுருக்கமா சொல்றேன். அப்பா இறந்தப்புறம் வீடு அண்ணனுக்கும் இவங்களுக்கும் பொதுவா இருந்திருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி தான் தெரிஞ்சிருக்கு, இவங்க தன் பங்கை விட்டுக்கொடுத்துட்ட மாதிரி ஒரு பத்திரம், அதுல இவங்க கையெழுத்து, ஆனா இவங்க போட்டதே இல்ல. கேக்கப்போன இடத்துல வாசல்ல வெச்சே அண்ணன் இவங்க கணவர் மேல கை வெச்சிருக்கார். சபை மூப்பர்கள்கிட்ட ரெண்டு தடவை போயிருக்காங்க, "குடும்ப விஷயம், நீங்களே பேசிக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் தான் கோர்ட், ரெண்டு வருஷமா கேஸ் ஓடுது.

போன மாசம் அண்ணனுக்கு ஸ்ட்ரோக். வலது கை, வலது கால் அசையல, பேச்சும் போயிடுச்சு. அண்ணி போன் பண்ணி அழுது உதவி கேட்டிருக்காங்க. மறுநாளே அம்மா கூப்பிட்டு "இந்த நேரத்துலயாவது கேஸை வாபஸ் வாங்கு, விசுவாசி கோர்ட்டுக்கு போகலாமா"ன்னு சொல்லியிருக்காங்க. பாஸ்டரும் "மன்னிச்சிட்டேன்னு சொன்னா அப்புறம் கேஸ் எதுக்கும்மா"ன்னு கேட்டிருக்கார். கடிதத்துல ஒரு இடத்துல அவங்க எழுதினதை அப்படியே போடுறேன்: "போன் வந்ததும் முதல்ல எனக்கு வந்தது சந்தோஷம் தான். கள்ளக் கையெழுத்து போட்ட அதே கைன்னு தோணுச்சு. கர்த்தர் பாத்துக்கிட்டார்னு நினைச்சேன். அப்புறம் பாத்ரூம்ல போய் கதவ சாத்திட்டு அழுதேன். மனசுல துளி அன்பு இல்லாம நான் போய் நின்னா அது வேஷம் இல்லையா?"

சகோதரி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த பாத்ரூம் வரிகளை நீங்க எழுதாம விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது, ஆனா எழுதினீங்க. இத்தனை வருஷ கவுன்சிலிங்ல நான் பாத்தது, இப்படி உள்ளத உள்ளபடி சொல்றவங்க கிட்ட தான் மன்னிப்பு வேர் பிடிக்கும், "நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்"னு உடனே சொல்றவங்க பலபேர் பத்து வருஷம் கழிச்சு அதே கசப்போட வந்து உக்காருவாங்க.

ஆனா அந்த "கர்த்தர் பாத்துக்கிட்டார்"ங்கறத மட்டும் கொஞ்சம் கீழ இறக்கி வைக்கணும். மூளையோட இடது பக்கம் அடி வாங்கினா உடம்போட வலது பக்கம் பாதிக்கும், பேச்சுக்கான இடமும் பெரும்பாலானவங்களுக்கு அதே இடது பக்கம் தான் இருக்கு, அதனால வலது கையும் பேச்சும் சேந்து போறது ஸ்ட்ரோக்ல ரொம்ப சாதாரணமா பாக்குற ஒண்ணு. வாழ்நாள்ல ஒரு பொய் கையெழுத்து கூட போடாதவங்களுக்கும் இதே கை தான் போகுது. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, அவங்க மத்தவங்கள விட பெரிய பாவிகள்னு நினைக்கிறீங்களான்னு இயேசு கேட்டு, இல்லைன்னு அவரே பதிலும் சொல்றார் (லூக்கா 13). பிறவிக் குருடனை பாத்து "யார் செஞ்ச பாவம்"னு சீஷர்கள் கேட்டப்பவும் அந்த கணக்கை அவர் ஏத்துக்கல (யோவான் 9). உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதேன்னு நீதிமொழிகள் 24ல இருக்கு, அந்த வசனம் ஏன் எழுதப்பட்டிருக்கு, விழும்போது சந்தோஷம் வரும்ங்கறதால தான். வந்ததுக்காக உங்கள நீங்களே அடிச்சுக்காதீங்க, ஆனா அத உக்கார வெச்சு உபசரிக்காதீங்க. கை போனது தண்டனைன்னு நீங்க முடிவு பண்ணிட்டா அப்புறம் நீங்க செய்ற எந்த உதவியும் ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்கு போடுற பிச்சை மாதிரி ஆயிடும், அதனால தான் இத முதல்ல சொல்றேன்.

அன்பு வரல, அப்ப போறது வேஷமா?

இல்ல. நம்ம காதுல "நேசி"ன்னதும் பாசம்னு விழுது, அதான் குழப்பம். லூக்கா 6ல அந்த இடத்த எடுத்து மெதுவா படிங்க, நாலு விஷயம் வரிசையா வரும்: சத்துருக்களை சிநேகியுங்கள், பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யுங்கள், சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள், நிந்திக்கிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள். செய்யறது, பேசறது, ஜெபிக்கிறது, எல்லாமே கையாலயும் வாயாலயும் செய்யக்கூடியது. உங்க அண்ணனை உங்களுக்கு பிடிக்கணும்னு அங்க எங்கயுமே சொல்லல.

யாத்திராகமம் 23ல இன்னும் பழைய ஒரு கட்டளை இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. உன்னைப் பகைக்கிறவனோட கழுதை சுமையோட விழுந்து கிடந்தா விட்டுட்டு போகாதே, அவனோட கூட சேந்து அத தூக்கிவிடுன்னு. கொஞ்சம் யோசிச்சு பாருங்க, சத்துரு அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம், நடுவுல கழுதை. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து சிரிக்கணும்னு இல்ல, பழசெல்லாம் பேசி தீத்துட்டு அப்புறம் தூக்குங்கன்னும் இல்ல, சுமை கழுதை மேல இருக்கு, தூக்கு, அவ்வளவு தான். உங்க வீட்டுல இப்ப விழுந்து கிடக்கிற கழுதை எதுன்னு பாருங்க. அண்ணி ராத்திரி பகலா ஆஸ்பத்திரில ஒத்தையா உக்காந்திருக்காங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

உணர்வு பின்னாடி வரலாம், வராமலும் போகலாம். கோரி டென் பூம்னு ஒரு டச்சு அம்மா, ரெண்டாம் உலகப் போர்ல யூதர்களை வீட்டுல ஒளிச்சு வெச்சதுக்காக நாஜிகளோட ராவன்ஸ்ப்ரூக் முகாம்ல அடைபட்டவங்க, அக்கா பெட்ஸி அங்கயே 1944 டிசம்பர்ல இறந்துட்டாங்க. 1947ல ம்யூனிக்ல ஒரு சர்ச்ல மன்னிப்பு பத்தி பேசி முடிச்சதும், அதே முகாம்ல காவல் இருந்த ஒருத்தன் முன்னாடி வந்து கை நீட்டினான். அவங்களால கைய தூக்கவே முடியல. உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்ல, ஆண்டவரே எனக்கு உதவி செய்யும், கைய மட்டும் என்னால தூக்க முடியும்ங்கற மாதிரி ஜெபிச்சு தான் கைய நீட்டினாங்க, அன்பு அதுக்கப்புறம் தான் வந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. உங்களுக்கும் அப்படியே நடக்கும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன், நிறைய பேருக்கு அப்படி சட்டுன்னு நடக்கறதில்ல. ஆனா மனசு மரத்துப்போய் இருக்கும்போது செய்ற நன்மை பொய் இல்ல. பாசம் இருக்கற மாதிரி காட்டிக்கிட்டா தான் வேஷம், நீங்க எதையும் காட்டிக்க வேணாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. "நான் போய் நல்லது செஞ்சா அவர் தலைல அக்கினித்தழல் குவியும்ல, அவர் வெக்கப்படணும்"னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. ரோமர் 12:20 நீதிமொழிகள் 25ல இருந்து எடுத்த வசனம், அந்த தழலுக்கு பல விளக்கம் உண்டு, மனந்திரும்புதலோட எரிச்சல்னு அகஸ்டின் மாதிரி பழைய சபைப் பிதாக்கள் சொல்லியிருக்காங்க. எந்த விளக்கமா இருந்தாலும் அடுத்த வசனத்தையும் சேத்து படிக்கணும், தீமையை நன்மையினாலே வெல்லுன்னு. நெருப்பு விழட்டும்னே நினைச்சுக்கிட்டு சாப்பாட்டு கேரியரை தூக்கிட்டு போனா அது பழிவாங்கறது தான், ரூட்டு மட்டும் வேற.

கேஸை வாபஸ் வாங்கணுமா?

இங்க தான் உங்கள சுத்தி இருக்கறவங்க ரெண்டு வேற வேற விஷயத்த ஒண்ணா போட்டு கட்டுறாங்கன்னு நினைக்கிறேன். மன்னிக்கறதுன்னா பழிவாங்குற உரிமைய ஆண்டவர் கைல விடறது. நடந்தது நடக்கலைன்னு சொல்றது இல்ல. அந்தப் பத்திரத்துல இருக்கறது உங்க கையெழுத்து இல்ல, இது உண்மை, நீங்க எவ்வளவு மன்னிச்சாலும் அது உங்க கையெழுத்தா மாறாது.

பிரதான ஆசாரியன் முன்னாடி ஒரு சேவகன் இயேசுவை அறைஞ்சப்ப, நான் தப்பா பேசியிருந்தா அத நிரூபி, சரியா பேசியிருந்தா என்னை ஏன் அடிக்கிறேன்னு கேட்டார் (யோவான் 18:23). மறு கன்னத்த காட்டுன்னு சொன்ன அதே வாய் தான். பிலிப்பி பட்டணத்துல பவுலை விசாரிக்காமலே அடிச்சு ஜெயில்ல போட்டாங்க, ராத்திரி பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்தப்ப தற்கொலை பண்ணிக்க இருந்த ஜெயில்காரனை, நாங்க எல்லாரும் இங்க தான் இருக்கோம்னு கூப்பிட்டு காப்பாத்துறார். விடிஞ்சதும் அதிகாரிகள் சத்தமில்லாம வெளிய போயிடுங்கன்னு ஆள் அனுப்புறாங்க, அவர் போகல, ரோமர்களாகிய எங்கள நியாயம் விசாரிக்காம வெளியரங்கமா அடிச்சிட்டு இப்ப ரகசியமா அனுப்புறாங்களா, அவங்களே வந்து எங்கள வெளிய கூட்டிட்டு போகட்டும்னார். ஒரே அதிகாரம், அப்போஸ்தலர் 16. ஜெயில்காரன் மேல இரக்கமும் காட்டினார், தன்னோட உரிமையவும் கேட்டார், ஒண்ணு இன்னொண்ண தடுக்கல.

அம்மா சொன்ன வசனமும் பைபிள்ல இருக்கறது தான், அத நான் மறைக்க மாட்டேன். 1 கொரிந்தியர் 6ல, சகோதரனோட சகோதரன் அவிசுவாசிகள் முன்னாடி வழக்காடுறான், தீர்த்து வைக்க உங்களுக்குள்ள ஒரு விவேகி கூட இல்லையான்னு பவுல் சபைய பாத்து கேக்கறார். சபைய பாத்துன்னு கவனிங்க. நீங்க மத்தேயு 18ல சொன்ன மாதிரியே முதல்ல தனியா கேட்டீங்க, அப்புறம் சபைக்கு போனீங்க, அந்த விவேகி வேலைய செய்ய வேண்டியவங்க ரெண்டு தடவை கதவ சாத்தினாங்க. அதோட எட்டாவது வசனத்துல, நீங்களே அநியாயஞ்செய்யறீங்க, நஷ்டப்படுத்தறீங்க, அதுவும் சகோதரர்களுக்குன்னு இருக்கு, அந்த கண்டிப்பு கள்ளப் பத்திரம் போட்டவர் பக்கமா திரும்புது, ஏனோ குடும்பங்கள்ல இந்த வசனத்த யாரும் வாசிச்சு காட்டறதே இல்ல.

நடுவுல ஏழாவது வசனம், ஏன் நஷ்டத்தை சகிச்சுக்கக்கூடாதுன்னு கேக்குது. அதுவும் உங்களுக்கு திறந்திருக்கற வழி தான். நீங்களே, யாரும் அழுத்தாம, இந்த வீடு எனக்கு வேணாம் ஆண்டவரேன்னு ஒரு நாள் விட்டுக்கொடுத்தீங்கன்னா அது பெரிய காரியம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அம்மாவோட அழுகைக்கும் பாஸ்டரோட கேள்விக்கும் பயந்து விட்டா அது விட்டுக்கொடுத்தது ஆகாது, உங்ககிட்ட இருந்து ரெண்டாவது தடவை எடுத்துக்கிட்டது ஆகும். அந்தப் பங்கு உங்க பொண்ணோட படிப்புக்குன்னு எழுதியிருக்கீங்க, அப்ப விட்டுக்கொடுக்கறது உங்களோடது மட்டும் இல்ல, வீட்டுக்காரரோட உக்காந்து பேசாம முடிவு எடுக்காதீங்க.

பாஸ்டர் கேட்டதுக்கு ஒரு உதாரணம் சொல்லலாம். 1999 ஜனவரில ஒடிசாவுல தொழுநோயாளிகளுக்கு ஊழியம் பண்ணிட்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவரோட ரெண்டு சின்ன பசங்களையும் வண்டியோட எரிச்சாங்க. மனைவி கிளாடிஸ் மன்னிச்சிட்டேன்னு வெளிப்படையா சொன்னாங்க, அதுக்கப்புறமும் அங்கயே இருந்து தொழுநோயாளிகளுக்கு ஊழியம் பண்ணாங்க. கேஸ் அது பாட்டுக்கு நடந்துச்சு, 2003ல தீர்ப்பும் வந்துச்சு. அவங்க மன்னிப்பு பொய்னு யாராவது சொல்வாங்களா?

இப்ப நடைமுறைக்கு வரேன், இத நீங்க கட்டாயம் கேக்கணும். அண்ணன் இந்த நிலைமைல இருக்கும்போது ரெண்டு பக்கமும் எந்த பேப்பரும் வேண்டாம். நீங்க அம்மா நீட்டுற எதுலயும் கையெழுத்து போடாதீங்க, வாபஸ்னாலும் சமரசம்னாலும் உங்க வக்கீல் படிச்சு பாத்து, போட்டா என்ன ஆகும், திரும்ப கேஸ் போட முடியுமா முடியாதான்னு தெளிவா சொன்னப்புறம் தான். அதே மாதிரி, இது இன்னும் முக்கியம், இப்பவே அவர் விரல் ரேகைய வாங்கிட்டா பிரச்சனை முடிஞ்சுடும்னு உங்க பக்கத்துல யாராவது சொன்னா காது கொடுக்காதீங்க. பேச முடியாதவர்கிட்ட வாங்கற ரேகை பின்னாடி செல்லுமாங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் உங்களுக்கு செஞ்சத நீங்க அவருக்கு செஞ்ச மாதிரி ஆயிடும். வாய்தா தள்ளி வைக்க உங்க வக்கீல் மூலமா சம்மதிக்கலாம், அது ஒரு நல்ல மனசு, உங்க உரிமையும் எங்கயும் போகாது. தள்ளி வெச்சா கேஸுக்கு பாதகம் உண்டான்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுக்கோங்க.

போய் பாக்கணுமா, எவ்வளவு தூரம்?

தாவீது கதைய நாம பாதில நிறுத்திடறோம். 1 சாமுவேல் 26. சவுல் ராஜா மூவாயிரம் பேரோட தாவீதை கொல்ல தேடி வந்து பாளயத்துல தூங்கறான், தலைமாட்டுல அவனோட ஈட்டி தரைல குத்தி நிக்குது. ஒரே குத்துல முடிச்சிடறேன்னு தாவீதோட கூட வந்த அபிசாய் சொல்றான். தாவீது வேண்டாம்னு தடுத்து ஈட்டியவும் தண்ணிச் செம்பையும் மட்டும் எடுத்துட்டு வந்துடறார். பிரசங்கத்துல இங்க வரைக்கும் கேட்டிருப்பீங்க. மிச்சத்த பாருங்க. தாவீது அந்தப் பக்கமா போய் ஒரு மலை உச்சில தூரத்துல நிக்கிறார், ரெண்டு பேருக்கும் நடுவுல நிறைய இடம் இருந்துச்சுன்னு வசனமே சொல்லுது. அங்க இருந்து தான் பேசறார். சவுல், நான் பாவம் செஞ்சேன், என் குமாரனாகிய தாவீதே திரும்பி வா, இனி உனக்கு பொல்லாப்பு செய்ய மாட்டேன்னு கூப்பிடறான். தாவீது திரும்பி போகல. இதோ ராஜாவோட ஈட்டி, வாலிபர்ல ஒருத்தன் வந்து வாங்கிட்டு போகட்டும்னார். தானே கொண்டு போய் கைல குடுக்கல பாருங்க. அதுக்கு முன்னாடி அவர் சுரமண்டலம் வாசிச்சிட்டு இருக்கும்போது ஈட்டி எறிஞ்ச கை அது. ஈட்டிய திருப்பி குடுத்தது தயவு, நடுவுல இடம் விட்டது புத்தி, ரெண்டும் ஒரே ஆள்கிட்ட ஒரே ராத்திரில இருந்துச்சு.

உங்க விஷயத்துல அண்ணனால இப்ப யாரையும் அடிக்க முடியாது, ஆனா அவர் சார்பா கோவமா இருக்கற சொந்தக்காரங்க வார்டுல இருக்கலாம். கணவரோட போங்க, இல்ல நீங்க நம்புற ஒரு பெரியவரோட. அம்மா கேஸ் பேச்ச எடுத்தா "நான் அண்ணனை பாக்க வந்தேன்மா, கேஸ வக்கீல் பாத்துப்பார்"னு ஒரே வரி, திரும்பத் திரும்ப அதே வரி, வாக்குவாதம் வேண்டாம். பண உதவி செய்யணும்னு தோணுச்சுன்னா கைல குடுக்காம ஆஸ்பத்திரி பில்லாவோ மருந்தாவோ நீங்களே கட்டிடுங்க, உங்களால முடிஞ்ச அளவுக்கு மட்டும். பணத்த விட அண்ணிக்கு ஒரு ராத்திரி தூக்கம் தான் இப்ப தேவைன்னு எனக்கு தோணுது, ஒரு நாள் நீங்க அங்க உக்காந்து அவங்கள வீட்டுக்கு அனுப்பி வைங்க. அந்த பத்திரத்துல அவங்களுக்கு பங்கு இருந்துச்சா இல்லையான்னு உங்களுக்கே தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க.

போறதுக்கு முன்னாடி ஜெபம் வரலைன்னா சங்கீதம் 55 வாசிங்க, என்னை நிந்தித்தவன் சத்துருவா இருந்தா சகிச்சிருப்பேன், நீயோ என் தோழன்னு ஒருத்தன் கதறுவான், அந்தக் கோவத்தோடயே ஆண்டவர்கிட்ட பேசலாம். அண்ணனுக்காக பெரிய ஜெபம் எல்லாம் வேண்டாம், பேர சொல்லி "இவருக்கு பேச்சு திரும்ப வரட்டும்"னு ஒரு வரி போதும் இந்த வாரத்துக்கு. இன்னைக்கு போக முடியல, உடம்பு நடுங்குதுன்னா போகாதீங்க, அண்ணிக்கு ஒரு போன் பண்ணுங்க, அதுவும் கணக்குல தான் வரும். ராத்திரி தூக்கமே இல்ல, நெஞ்சு படபடக்குதுன்னு கடைசில ஒரு ஓரமா எழுதியிருக்கீங்களே, அத ஓரமா வைக்காதீங்க, ஒரு டாக்டரை பாத்துடுங்க.

வார்டுக்குள்ள சில விஷயம், ஆஸ்பத்திரி ஊழியத்துல இருக்கறதால சொல்றேன். ஸ்ட்ரோக்ல பேச்சு போனவங்களுக்கு நாம பேசறது புரியறது உண்டு, அதனால அவர் முன்னாடியே நின்னு அவரை பத்தி மத்தவங்ககிட்ட பேசாதீங்க, அவர்கிட்டயே பேசுங்க, சின்ன சின்ன வாக்கியமா, மெதுவா, நடுவுல நேரம் விட்டு. தாகமா இருந்தா பானங்கொடுன்னு வசனம் இருந்தாலும் விழுங்கறதுல சிக்கல் இருக்கலாம், நர்ஸ கேக்காம ஒரு வாய் தண்ணி கூட குடுத்துடாதீங்க. உங்கள பாத்ததும் அவர் அழலாம். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் சிலருக்கு அழுகை கட்டுப்பாடு இல்லாம வரும், அதனால அத மனந்திரும்புதல்னும் எடுத்துக்காதீங்க, நடிப்புன்னும் எடுத்துக்காதீங்க, மன்னிப்பு கேக்க அவருக்கு இப்ப வார்த்தையே இல்ல, அந்த எதிர்பார்ப்ப வெளியவே வெச்சிட்டு உள்ள போங்க.

அவரோட இடது கை இருக்கற பக்கமா நாற்காலிய போட்டுக்கோங்க. வலது பக்கம் இருக்கறது அவருக்கு சரியா தெரியாம கூட இருக்கலாம். இடது கை அசையும், நீங்க பிடிக்கணும்னு இல்ல, கட்டில் ஓரமா உங்க கைய வெச்சிட்டு சும்மா உக்காருங்க, அவருக்கு பிடிக்கணும்னு தோணுச்சுன்னா பிடிக்கட்டும்.